கென்ஷின் இம்பாக்டில் சமநிலையான அணி அமைப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2020 செப்டம்பர் 28 அன்று வெளியான கென்ஷின் இம்பாக்ட், கைபேசியிலும் கணினியிலும் விளையாடக்கூடிய கற்பனை உலக ஆக்‌ஷன் ஆர்பிஜி, அதாவது கதாபாத்திரமாக மாறி ஆடும் விளையாட்டு ஆகும். இதில் நான்கு கதாபாத்திரங்கள் கொண்ட அணியோடு சுற்றுகிறோம். ஆனால் எந்த நொடியிலும் அவர்களில் ஒருவர் மட்டுமே களத்தில் நிற்க முடியும். புதிதாக விளையாடத் தொடங்கியவர்களும், சில மாதங்கள் ஆடிய பின் தளம் தளமாக எதிரிகளை வெல்ல வேண்டிய சவாலான ஸ்பைரல் அபிஸில் தேங்கி நிற்பவர்களும் அணி அமைப்பது பற்றி எழுப்பும் கேள்விகளுக்கு இங்கே விரிவாகப் பதில் தரப்பட்டுள்ளது.

சமநிலையான அணி என்றால் என்ன? தாக்குபவர், தாங்குபவர், குணப்படுத்துபவர் என்று ஆளுக்கு ஒரு வேலை கொடுத்தால் போதாதா?

போதாது. நால்வரும் ஒரே நேரத்தில் போரிடும் விளையாட்டுகளில் அந்தப் பிரிவினை பொருந்தும். இங்கே ஒருவர் களத்தில் இருக்கும்போது மற்ற மூவரும் வெளியே காத்திருக்கிறார்கள். ஆகவே ஒரு கதாபாத்திரம் என்ன செய்கிறது என்பதைவிட, அதைச் செய்து முடிக்க அதற்குக் களத்தில் எத்தனை நொடிகள் தேவை, அது வெளியேறிய பிறகும் அதன் வேலை தொடருமா என்பவையே முதன்மையானவை. ஒவ்வொருவருக்கும் உள்ள இரு சிறப்புத் திறன்களில் சிறியது ஸ்கில், எனர்ஜி நிறைந்தால் ஏவும் பெரியது பர்ஸ்ட். பெரும்பாலான பர்ஸ்ட்கள் 15 முதல் 20 நொடிகளுக்கு ஒரு முறை மீண்டும் தயாராவதால், அணியின் வாழ்க்கை ஏறத்தாழ 20 நொடிச் சுற்றுகளாகவே ஓடுகிறது. அந்தச் சுற்றுக்குள் நால்வரின் திறன்களும் ஒன்றோடொன்று பொருந்திச் செயல்பட்டு, அடுத்த சுற்று தொடங்கும்போது அனைவரின் பர்ஸ்ட்டும் மீண்டும் நிறைந்திருந்தால் அந்த அணி சமநிலையில் இருக்கிறது என்று கொள்ளலாம். தனித்தனியே பலம் வாய்ந்த நால்வரைச் சேர்த்தும் இது அமையாமல் போகலாம். அரிய ஐந்து நட்சத்திரத்தினருக்கு அடுத்த படியிலுள்ள நான்கு நட்சத்திரக் கதாபாத்திரங்களை மட்டும் கொண்டே இதை மிக நன்றாக அமைக்கவும் முடியும்.

என்னிடம் வலிமையான மெயின் டிபிஎஸ் மூவர் இருக்கிறார்கள். மூவரையும் ஒரே அணியில் வைக்கலாமா?

வைப்பது பெரும்பாலும் வீண். மெயின் டிபிஎஸ் என்று அழைக்கப்படுபவர் தம் அடிகளைக் களத்தில் நின்றே கொடுப்பவர். அவருக்குச் சுற்றில் பத்து நொடிகளாவது தேவைப்படும். அப்படிப்பட்ட மூவரைச் சேர்த்தால் ஒருவர் அடிக்கும் நேரமெல்லாம் மற்ற இருவரின் வலிமை பயனற்றுக் கிடக்கும். களத்தில் நிற்பவர் ஒருவர், ஓரிரு நொடிகள் வந்து திறனை ஏவிவிட்டு வெளியேறியபின் வெளியிலிருந்தே அடிப்பவர் ஒருவர் அல்லது இருவர், மற்றவர்களின் வலிமையைக் கூட்டியோ உயிரைக் காத்தோ துணை நிற்பவர் ஒருவர் என்ற அமைப்பே நிலைத்து நிற்கிறது. ஃபிஷ்லின் காக்கையான ஆஸ், ஷிங்சியூவின் மழைவாள்கள், ஷியாங்லிங்கின் சுழலும் நெருப்பு வளையமான பைரோநாடோ ஆகியவை உரியவர் களத்தை விட்டு நீங்கிய பின்னும் தொடர்வதாலேயே, 2020இல் வந்த இந்த நான்கு நட்சத்திரக் கதாபாத்திரங்களை அனுபவசாலிகள் இன்றும் கைவிடுவதில்லை.

எந்தெந்தத் தனிமங்களைச் சேர்க்க வேண்டும்?

விளையாட்டில் ஏழு தனிமங்கள் உள்ளன: பைரோ என்னும் நெருப்பு, ஹைட்ரோ என்னும் நீர், எலக்ட்ரோ என்னும் மின்சாரம், கிரையோ என்னும் பனி, அனிமோ என்னும் காற்று, ஜியோ என்னும் பாறை, டென்ட்ரோ என்னும் தாவரம். இவற்றில் டென்ட்ரோ மட்டும் 2022 ஆகஸ்டில் வந்த 3.0 பதிப்பில்தான் நம் கைக்கு வந்தது. ஒரு தனிமம் எதிரியின் மேல் ஒட்டியிருக்கும்போது வேறொரு தனிமம் பட்டால் எதிர்வினை நிகழ்கிறது. அணியின் வலிமையில் பெரும்பகுதி இந்த எதிர்வினைகளிலிருந்தே வருகிறது.

எதிர்வினைகளை இரண்டு குடும்பங்களாகப் பிரித்துப் புரிந்துகொள்வது மிகவும் உதவும். வேப்பரைஸ், மெல்ட் ஆகிய இரண்டும் அடியைப் பெருக்குபவை. நெருப்பு ஒட்டிய எதிரியின் மேல் நீர் பட்டால் அந்த நீரடி 2 மடங்காகும்; நீர் ஒட்டிய எதிரியின் மேல் நெருப்பு பட்டால் நெருப்படி 1.5 மடங்காகும். மெல்ட்டில் பனியின் மேல் படும் நெருப்பு 2 மடங்கும், நெருப்பின் மேல் படும் பனி 1.5 மடங்கும் பெறும். இவை ஏற்கெனவே உள்ள அடியையே பெருக்குவதால், அடிப்பவரின் தாக்குதல் வலிமை, சில அடிகள் கூடுதல் சேதத்தோடு விழும் கிரிட், ஆயுதம் எல்லாமே கணக்கில் வரும். நெருப்பும் மின்சாரமும் சேரும் ஓவர்லோடட், காற்று பிற தனிமத்தைப் பரப்பும் ஸ்வர்ல், பின்னர் விளக்கப்படும் ஹைப்பர்புளூம் போன்றவை வேறு வகை: இவற்றின் சேதம், எதிர்வினையைத் தூண்டியவரின் லெவலையும், எலிமென்டல் மாஸ்டரி என்னும் எதிர்வினைத் திறன் மதிப்பையும் பொறுத்தே அமைகிறது, தாக்குதல் வலிமை இதில் சேர்வதில்லை, கிரிட் மதிப்பும் பொதுவாகச் சேர்வதில்லை. எந்தக் குடும்பத்தை நம்பி அணி அமைக்கிறோம் என்பதைப் பொறுத்தே, கதாபாத்திரம் அணிந்து வலிமை பெறும் துண்டுகளான ஆர்ட்டிஃபேக்ட்களின் தேர்வு தலைகீழாக மாறும் என்பதால், இந்த வேறுபாட்டைத் தொடக்கத்திலேயே தெரிந்துகொள்வது நல்லது.

2 மடங்கு கிடைக்கும் திசையே எப்போதும் சிறந்தது என்று எண்ணிவிடக் கூடாது. நீரின் மேல் நெருப்பு பட்டால் பெருக்கம் 1.5 மடங்குதான் என்றாலும், அந்த எதிர்வினை ஒட்டியிருக்கும் நீரைக் குறைவாகவே செலவழிக்கிறது. ஆதலால் ஒரு முறை பூசிய நீரின் மேல் அடுத்தடுத்த நெருப்படிகள் பலவும் பெருக்கம் பெறும். ஷியாங்லிங்கைச் சுற்றி அமையும் அணிகளின் வெற்றிக்கு அடிப்படை இதுதான்.

ஒரு முழு அணியை எடுத்துக்கொண்டு அது எப்படி இயங்குகிறது என்று காட்ட முடியுமா?

ஷிங்சியூ, பென்னட், ஷியாங்லிங், சுக்ரோஸ் ஆகிய நால்வரை எடுத்துக்கொள்வோம். நால்வரும் நான்கு நட்சத்திரத்தினர். முதல் மூவரையும் உள்ளடக்கிய அணிகளை விளையாடுபவர்கள் ‘நேஷனல்’ என்று அழைக்கிறார்கள்.

முதலில் ஷிங்சியூ வந்து ஸ்கில்லையும் பர்ஸ்ட்டையும் ஏவிவிட்டு நீங்குகிறார். அடுத்த 15 நொடிகளுக்கு, களத்தில் இருப்பவர் சாதாரண அடி அடிக்கும்போதெல்லாம் மழைவாள்கள் பாய்ந்து எதிரியை நனைக்கும். ஷிங்சியூவின் ஸ்கில் தரும் வாள்கள் நம்மைச் சுற்றி நின்று, வாங்கும் அடியையும் ஓரளவு குறைக்கும். இரண்டாவதாகப் பென்னட் தம் பர்ஸ்ட்டைத் தரையில் விரிக்கிறார். 12 நொடிகள் நிற்கும் அந்த வட்டத்துக்குள், உயிர் 70 சதவீதம் வரை உள்ளவர் குணமடைவார். அதற்கு மேல் உள்ளவர் பென்னட்டின் அடிப்படைத் தாக்குதல் வலிமையிலிருந்து ஒரு பங்கைக் கூடுதலாகப் பெறுவார். அதே கதாபாத்திரம் மீண்டும் கிடைக்கும்போது திறக்கும் மேம்பாடுகளே கான்ஸ்டலேஷன்கள். பென்னட்டின் முதல் கான்ஸ்டலேஷன் திறந்துவிட்டால் வலிமை பெற இந்த 70 சதவீத நிபந்தனை நீங்கிவிடும். பென்னட்டுக்கு ஆர்ட்டிஃபேக்ட்டைவிடக் கைவாளின் அடிப்படைத் தாக்குதல் மதிப்பே முக்கியம் என்பதற்கும் இதுவே காரணம்.

மூன்றாவதாக ஷியாங்லிங் அந்த வட்டத்துக்குள் நின்றபடி பைரோநாடோவை ஏவ வேண்டும். இடம் முக்கியம், நேரமும் முக்கியம். பைரோநாடோ தொடங்கும் நொடியில் ஷியாங்லிங்கிடம் எவ்வளவு தாக்குதல் வலிமை இருக்கிறதோ, அதுவே அது சுழன்று முடியும் வரை நிலைக்கும். பென்னட்டின் வட்டம் மறைந்தாலும், நாம் வட்டத்தை விட்டு ஓடினாலும் குறையாது. வட்டத்துக்கு வெளியே ஓர் அடி தள்ளி நின்று ஏவினால் சுற்று முழுவதும் வலிமை குறைந்தே சுழலும். நான்காம் கான்ஸ்டலேஷனில் இதன் காலம் 10 நொடியிலிருந்து 14 நொடியாக நீள்கிறது.

இறுதியாகச் சுக்ரோஸ் களத்துக்கு வந்து சாதாரண அடிகளைத் தொடர்கிறார். அவருடைய ஒவ்வோர் அடியும் மழைவாள்களை எழுப்புகிறது. அவரைச் சுற்றிப் பைரோநாடோ சுழல்கிறது. நனைந்த எதிரியின் மேல் நெருப்பு பட்டு 1.5 மடங்காகிறது. சுக்ரோஸிடம் விரிடெசென்ட் வெனெரர் ஆர்ட்டிஃபேக்ட் நான்கு துண்டுகள் இருந்தால், அவருடைய காற்று நெருப்பைத் தொட்டுப் பரப்பும்போது எதிரிகளின் நெருப்பு எதிர்ப்பு 10 நொடிகளுக்கு 40 சதவீதம் குறையும். மேலும் அவருடைய எலிமென்டல் மாஸ்டரியில் ஐந்தில் ஒரு பங்கு மற்ற மூவருக்கும் போய்ச் சேரும். சுக்ரோஸின் சொந்த அடி மிகச் சிறியது. ஆனாலும் அவர் களத்தில் நிற்கும் அந்தப் பத்து நொடிகளே அணியின் மிக வலிய நொடிகள்.

பர்ஸ்ட் நிறையவே மாட்டேன் என்கிறது. என்ன செய்வது?

அணியைப் பற்றி வரும் குறைகளில் பாதிக்கு மேல் இங்கேதான் தொடங்குகின்றன என்பது என் உறுதியான கருத்து. ஸ்கில் எதிரியின் மேல் படும்போது, பர்ஸ்ட்டை நிரப்பும் எனர்ஜியைத் தரும் துகள்கள் வெளிப்படுகின்றன. தன் தனிமத்தைச் சேர்ந்த துகளைக் களத்தில் நின்று பெறுபவருக்கு 3 எனர்ஜியும், வேறு தனிமத் துகளைப் பெறுபவருக்கு 1 எனர்ஜியும் கிடைக்கும். நால்வர் அணியில் வெளியே இருப்பவர்களுக்கு இவற்றில் 60 சதவீதம் மட்டுமே சேரும். அதாவது 3 என்பது 1.8 ஆகவும், 1 என்பது 0.6 ஆகவும் சுருங்கும். இதன் மேல், எனர்ஜி சேரும் அளவைக் கூட்டும் அவரவர் எனர்ஜி ரீசார்ஜ் சதவீதம் பெருகும்.

ஷியாங்லிங்கின் பர்ஸ்ட்டுக்கு 80 எனர்ஜி தேவை. தம் ஸ்கில்லை மட்டும் நம்பி அதை 20 நொடியில் நிரப்ப அவரால் இயலாது. பென்னட்டின் ஸ்கில்லை லேசாகத் தட்டினால் 5 நொடியில் மீண்டும் தயாராகிவிடும் என்பதால், பென்னட்டால் ஒரு தட்டு தட்டிவிட்டு, துகள்கள் பறந்து வருவதற்குள் ஷியாங்லிங்குக்கு மாறிவிட வேண்டும். அப்போது ஒவ்வொரு நெருப்புத் துகளும் முழு 3 எனர்ஜியாக அவரைச் சேரும். பென்னட்டே களத்தில் நின்று அத்துகள்களை வாங்கிவிட்டால் ஷியாங்லிங்குக்கு 60 சதவீதமே கிடைக்கும். மாற்றத்தின் நேரத்தை ஒரு நொடி முன்பின்னாகத் திருத்துவது, ஆர்ட்டிஃபேக்ட்களைப் பரிசாகத் தரும் போர்க்களமான டொமைனில் ஒரு வாரம் செலவிடுவதைவிடப் பெரிய பலன் தரும். ஷிங்சியூவின் ஸ்கில் ஐந்து துகள்களை ஒரே சமயத்தில் தருகிறது. அவரிடம் சாக்ரிஃபிஷியல் ஸ்வோர்ட் இருந்தால், வாய்ப்பு அமையும்போது ஸ்கில் உடனே மீண்டும் தயாராகிப் பத்துத் துகள்கள் கிடைக்கும்.

ஒரே தனிமத்தில் இருவரை வைக்கும் வழக்கத்துக்கு, அதனால் கிடைக்கும் கூடுதல் பலனான ரெசனன்ஸ் மட்டுமல்லாமல் இந்த எனர்ஜிக் கணக்கும் காரணம். அணியில் தனித்து நிற்கும் தனிமத்துக்காரருக்கு எனர்ஜி ரீசார்ஜ் மற்றவர்களைவிடக் கூடுதலாகவே தேவைப்படும்.

ஹீலர் கட்டாயமா? ஷீல்டு போதுமா?

திறந்த உலகில் உணவும் ஏழு தெய்வங்களின் சிலைகளும் இருப்பதால் ஹீலர் இல்லாமலும் காலம் தள்ளலாம். ஸ்பைரல் அபிஸில் உணவு உண்ண முடியாது. அங்கே உயிரைக் காக்க அணியில் ஒருவராவது இருக்க வேண்டும். அவர் அந்த ஒரு வேலையை மட்டும் செய்பவராக இருந்தால் அணியின் நான்கில் ஒரு பங்கு இடம் வீணாகிறது என்பதே கவனிக்க வேண்டியது. பென்னட் குணப்படுத்தும்போதே வலிமையையும் கூட்டுகிறார்; குக்கி ஷினோபு குணப்படுத்தும்போதே மின்சாரம் பாய்ச்சுகிறார்; ஜோங்லியின் கேடயம் நம்மைக் காக்கும்போதே அருகிலுள்ள எதிரிகளின் எதிர்ப்புகளை 20 சதவீதம் குறைக்கிறது.

கதையின் தொடக்கத்தில் இலவசமாகக் கிடைக்கும் பார்பராவைப் பலர் இகழ்கிறார்கள், அது நியாயமன்று. அவருடைய ஸ்கில் மீண்டும் தயாராக 32 நொடிகள் ஆகும் என்பதும், நம்மையே நனைத்துவிடுவதால் பனி எதிரிகளிடம் உறைந்துபோக நேரும் என்பதும் உண்மையான குறைகள். ஆனால் மூன்று நட்சத்திரப் புத்தகமான திரில்லிங் டேல்ஸ் ஆஃப் டிராகன் ஸ்லேயர்ஸை அவர் கையில் கொடுத்தால், அவரிடமிருந்து மாறி வருபவருக்கு 10 நொடிகளுக்குத் தாக்குதல் வலிமை கூடும். முழுவதும் மேம்படுத்திய புத்தகத்தில் இந்தக் கூடுதல் 48 சதவீதம். யாரிடமும் எளிதில் சேர்ந்துவிடும் ஒரு புத்தகம் தரும் உதவி இது.

எலிமென்டல் ரெசனன்ஸை எவ்வளவு பொருட்படுத்த வேண்டும்?

கிடைத்தால் நல்லது, அதற்காக அணியை வளைக்க வேண்டாம். நெருப்பில் இருவர் இருந்தால் தாக்குதல் வலிமை 25 சதவீதமும், நீரில் இருவர் இருந்தால் அதிகபட்ச உயிர் 25 சதவீதமும் கூடும். பனியில் இருவர் இருந்தால், பனி ஒட்டிய அல்லது உறைந்த எதிரிகளிடம் கிரிட் வாய்ப்பு 15 சதவீதம் கூடும். நான்கு வேறு தனிமங்கள் இருந்தால் எல்லா எதிர்ப்புகளும் 15 சதவீதம் உயரும். ஆனால் அதற்காக மட்டும் நால்வரைத் தேர்ந்தெடுப்பதில் பயன் குறைவு.

நல்ல ஆர்ட்டிஃபேக்ட் எதுவும் கிடைக்கவில்லை. அப்படிப்பட்ட நிலையில் எந்த அணி கைகொடுக்கும்?

ஹைப்பர்புளூம் அணி. நீரும் தாவரமும் சேரும்போது தரையில் டென்ட்ரோ கோர் என்னும் விதை தோன்றும். அதைத் தொடாமல் விட்டால் ஏறத்தாழ 6 நொடியில் தானே வெடிக்கும். அதற்குள் மின்சாரம் பட்டால் விதை அம்பாக மாறி எதிரியைத் தேடிச் சென்று தாக்கும். அந்த அம்பின் சேதம் மின்சாரத்தைப் பாய்ச்சியவரின் லெவலையும் எலிமென்டல் மாஸ்டரியையும் மட்டுமே பார்க்கிறது. ஆகவே கிரிட் வாய்ப்பும் கிரிட் சேதமும் சேர்ந்து அமைந்த அரிய துண்டுகளுக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. சேண்ட்ஸ், கோப்லெட், சர்க்லெட் ஆகிய மூன்று ஆர்ட்டிஃபேக்ட் துண்டுகளிலும் முதன்மை மதிப்பு எலிமென்டல் மாஸ்டரியாக இருந்தால் போதும். ஐந்து நட்சத்திரத் துண்டை 20ஆம் நிலைக்கு உயர்த்தினால் ஒவ்வொன்றும் ஏறத்தாழ 187 தரும்.

இந்த வேலைக்குக் குக்கி ஷினோபு மிகப் பொருத்தமானவர். அவர் ஸ்கில்லை ஏவினால் 12 நொடிகளுக்கு ஒரு மின்வளையம் நம்மோடு நகர்ந்து, 1.5 நொடிக்கு ஒரு முறை விதைகளை அம்பாக்கும். அதே வளையம் நம்மைக் குணப்படுத்தவும் செய்யும். அவருடைய திறனொன்றின்படி எலிமென்டல் மாஸ்டரி கூடக் கூடக் குணப்படுத்தும் அளவும் கூடுகிறது. நீருக்கு ஷிங்சியூ, தாவரத்துக்குச் சுமேரு நாட்டில் இலவசமாகக் கிடைக்கும், கதையின் முதன்மைக் கதாபாத்திரமான டிராவலரின் டென்ட்ரோ வடிவம், நான்காவது இடத்தில் தாவரக் கதாபாத்திரமான கொல்லெய் அல்லது இன்னொரு நீர்க் கதாபாத்திரம் என்று அமைக்கலாம். லெவலே சேதத்தை நிர்ணயிப்பதால், இந்த அணியில் குக்கியை மட்டும் 90 வரை உயர்த்துவது உண்மையிலேயே பலன் தரும்.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். இங்கே மின்சாரம் பாய்ச்சுபவர் குக்கி ஒருவராகவே இருப்பது நல்லது. மாஸ்டரி இல்லாத இன்னொரு மின்சாரக் கதாபாத்திரத்தைச் சேர்த்தால், அவர் பாதி விதைகளைத் தம் குறைந்த வலிமையோடு தூண்டிவிடுவார். ஆள் கூடியும் சேதம் குறைந்துவிடும்.

உறையவைக்கும் ஃப்ரீஸ் அணி சாதாரண எதிரிகளை எளிதில் முடிக்கிறது. பாஸிடம் மட்டும் திணறுகிறது. ஏன்?

தலைமை எதிரிகளான பாஸ்கள் பெரும்பாலும் உறைவதில்லை. ஃப்ரீஸ் அணி தன் பாதுகாப்பை எதிரி அசையாமல் நிற்பதிலிருந்தே பெறுகிறது. எதிரி அசையத் தொடங்கினால் கேடயமோ ஹீலரோ இல்லாத குறை உடனே வெளிப்படும். சேதமும் குறையும்: பிளிஸார்டு ஸ்ட்ரேயர் ஆர்ட்டிஃபேக்ட் நான்கு துண்டுகள் பனி ஒட்டிய எதிரியிடம் 20 சதவீதமும், உறைந்த எதிரியிடம் மேலும் 20 சதவீதமும் கிரிட் வாய்ப்பைக் கூட்டுவதால், உறையாத எதிரியிடம் அந்த இரண்டாவது 20 சதவீதம் கிடைக்காது. இந்த அணியைக் கூட்டமாக வரும் எதிரிகளுக்கு வைத்துக்கொண்டு, பாஸுக்கு வேறு அணியை அமைப்பதே சரி. கிளேமோர் போன்ற கனத்த ஆயுத அடியும் பாறை அடியும் உறைந்த பனியை உடைத்துவிடும் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

ஸ்பைரல் அபிஸில் இரண்டு அணிகள் கேட்கிறார்களே. எப்படிப் பிரிப்பது?

இங்கேதான் சமநிலை என்பது எட்டுப் பேரைப் பற்றிய கேள்வியாகிறது. ஒருவரையே இரண்டு பக்கமும் வைக்க முடியாது. மேலே சொன்ன நேஷனல், ஹைப்பர்புளூம் ஆகிய இரண்டு அணிகளுக்கும் ஷிங்சியூ தேவைப்படுகிறார். எனவே இரண்டையும் அப்படியே சேர்த்து எடுத்துச் செல்ல இயலாது. ஹைப்பர்புளூமில் விதை உண்டாக்கும் அளவு நீர் இருந்தால் போதும் என்பதால் அங்கே பார்பராவையோ வேறு நீர்க் கதாபாத்திரத்தையோ வைத்துச் சமாளிப்பது முதல் வழி.

இரண்டாவது வழி எனக்கு இன்னும் பிடித்தமானது. 4.3 பதிப்பில் வந்த நான்கு நட்சத்திரக் கதாபாத்திரமான ஷெவ்ரூஸ், நெருப்பும் மின்சாரமும் மட்டுமே உள்ள அணியில் ஓவர்லோடட் நிகழும்போது எதிரிகளின் நெருப்பு, மின்சார எதிர்ப்புகள் இரண்டையும் 40 சதவீதம் குறைக்கிறார், குணப்படுத்தவும் செய்கிறார். ஷெவ்ரூஸ், பென்னட், ஷியாங்லிங், ஃபிஷ்ல் ஒரு பக்கமும், ஷிங்சியூ, குக்கி, டென்ட்ரோ டிராவலர், கொல்லெய் மறுபக்கமும் நின்றால் ஒருவருக்கொருவர் போட்டி இல்லை. ஐந்து நட்சத்திரம் கொண்டவர் டிராவலர் ஒருவரே, அவரும் இலவசம். ஓவர்லோடட் சிறிய எதிரிகளைத் தூக்கி எறிந்து சிதறடிக்கும் என்பதால், இந்த அணியைப் பெரிய, அசையாத எதிரிகள் வரும் பக்கத்துக்கு ஒதுக்க வேண்டும்.

அறைக்குள் நுழையும் முன் எதிரிகளின் பட்டியல் காட்டப்படுகிறது. அதைப் படிக்காமல் உள்ளே போவது நேரத்தை வீணாக்கும் செயல். நெருப்பு ஸ்லைம்களும் நெருப்பு ரெஜிஸ்வைனும் நெருப்படியை ஏற்பதே இல்லை. நெருப்புக் கேடயம் கொண்ட அபிஸ் மேஜின் கேடயத்தை நீர் விரைவாகக் கரைக்கும்.

யாரை முதலில் வளர்ப்பது?

வெளியிலிருந்து அடிப்பவர்களையும் துணை நிற்பவர்களையும். பரிசுகளைப் பெறச் செலவிடும் ரெசின் 8 நிமிடத்துக்கு ஒன்று வீதம் ஊறுகிறது. ஒரு நாளைக்கு 180. ஆர்ட்டிஃபேக்ட் டொமைன் ஒரு முறைக்கு 20 கேட்பதால், நாள் முழுவதும் ஊறியது ஒன்பது முறைக்கு மேல் போதாது. இவ்வளவு சுருங்கிய வரவை ஒரே ஒரு மெயின் டிபிஎஸ் மேல் கொட்டினால் அவர் அந்த ஓர் அணிக்கு மட்டுமே பயன்படுவார். பென்னட், ஷிங்சியூ, சுக்ரோஸ் போன்றோர் எத்தனையோ அணிகளில் பொருந்துவார்கள். இவர்களுக்குச் செய்த செலவு வருங்காலத்தில் யார் வந்தாலும் வீணாகாது. டேலன்ட் என்னும் திறன் நிலைகளில் பென்னட்டின் பர்ஸ்ட், ஷிங்சியூவின் பர்ஸ்ட், ஷியாங்லிங்கின் பர்ஸ்ட் ஆகியவற்றை முதலில் உயர்த்தலாம். இம்மூவரின் சாதாரண அடி டேலன்ட்டை முதல் நிலையிலேயே விட்டுவிடலாம்.

நல்ல அணிக்குப் பணம் செலவிட வேண்டுமா?

வேண்டியதில்லை. இதை அழுத்தமாகவே சொல்ல விரும்புகிறேன், ஏனெனில் படிப்பவர்களில் பலர் தம் வருமானம் இல்லாத மாணவர்கள். கதாபாத்திரங்களைக் குலுக்கல் முறையில் பெறும் விஷ் ஒன்றுக்கு, விளையாட்டின் நாணயமான பிரைமோஜெம் 160 ஆகும். ஐந்து நட்சத்திரக் கதாபாத்திரம் கிடைக்கும் அடிப்படை வாய்ப்பு 0.6 சதவீதம். 90ஆவது விஷ்ஷுக்குள் ஐந்து நட்சத்திரம் உறுதி என்றாலும், அது நாம் விரும்பியவராக இல்லாமல் போகலாம். அப்போது அடுத்த 90 வரை காத்திருக்க நேரும். மிக மோசமான நிலையில் 180 விஷ், அதாவது 28,800 பிரைமோஜெம் ஆகிறது. இத்தனை செலவழித்து வந்தவரோடு இணைந்து நிற்க மூவர் இல்லையென்றால் அவரால் ஒன்றும் ஆகாது.

இலவச வழிகள் உண்மையிலேயே போதுமானவை. ஷியாங்லிங்கை ஸ்பைரல் அபிஸின் மூன்றாம் தளத்தை முடித்தால் பெறலாம். பைமோனின் கடையில் மாதந்தோறும் மாறி வரும் நான்கு நட்சத்திரக் கதாபாத்திரங்களில் பென்னட், ஷிங்சியூ, ஃபிஷ்ல் ஆகியோரும் சுழற்சி முறையில் வருகிறார்கள். விலை, விஷ்களின் துணைப்பலனாகச் சேரும் ஸ்டார்கிளிட்டர் 34. அந்த ஸ்டார்கிளிட்டரை விஷ்களாக மாற்றிச் செலவழிக்காமல் இவர்களுக்காகச் சேர்த்துவைப்பதே அறிவுடைமை. சேர்த்த பிரைமோஜெம்மை ஐந்து நட்சத்திரத்துக்குச் செலவிட முடிவுசெய்தால், காஸுஹா, நஹிடா போலப் பல அணிகளுக்கு உதவுபவரையே நாட வேண்டும்.

உலகைச் சுற்றும்போதும் இதே அணிதான் வேண்டுமா?

தேவையில்லை. புதிர்களுக்கு ஒரு வில்லாளர், தாது உடைக்க ஒரு கிளேமோர் வீரர், மரக் கேடயத்தை எரிக்க ஒரு நெருப்புக்காரர் இருந்தால் போதும். காற்றுக் கதாபாத்திரங்கள் இருவரை வைத்தால் ஓடும் வேகம் 10 சதவீதம் கூடி, ஸ்டாமினா செலவு 15 சதவீதம் குறையும்.

என் அணியில் என்ன குறை என்பதை நானே எப்படிக் கண்டறிவது?

ஒரே எதிரியோடு இரண்டு சுற்றுகள் ஆடி, இரண்டாம் சுற்று தொடங்கும் நொடியில் திரையின் ஓரத்தில் உள்ள நான்கு பர்ஸ்ட் வட்டங்களையும் பாருங்கள். ஒன்று நிறையாமல் இருந்தால் அவருடைய எனர்ஜி ரீசார்ஜையோ துகள் பிடிக்கும் நேரத்தையோ திருத்த வேண்டும். நான்கும் நிறைந்திருந்தும் எதிரி சாகவில்லை என்றால், பறக்கும் எண்களுக்கு மேலே வேப்பரைஸ் என்றோ ஹைப்பர்புளூம் என்றோ நாம் எதிர்பார்த்த எதிர்வினையின் பெயர் தொடர்ந்து தோன்றுகிறதா என்று பாருங்கள். தோன்றாவிட்டால் தனிமம் பூசும் வரிசை தவறியிருக்கிறது. தோன்றியும் எண்கள் சிறியவையாக இருந்தால் அப்போதுதான் ஆர்ட்டிஃபேக்ட், லெவல், டேலன்ட் பக்கம் திரும்ப வேண்டும். பலர் இந்தக் கடைசிப் படியிலிருந்தே தொடங்குகிறார்கள். அதில்தான் ரெசினும் பொறுமையும் தீர்ந்துபோகின்றன.